மருத்துவக் காப்பீடு: அரசு அட்டையில் தொடங்கி குறைதீர்ப்பாளர் வரை, படிப்படியாக

இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 சதவீதம். 2021-22இல் அது 39.4 சதவீதமாக இறங்கியது என்கின்றன தேசிய சுகாதாரக் கணக்குகள். நல்ல இறக்கம்தான். ஆனாலும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பதை நோயாளியின் குடும்பமே புரட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று நமக்குத் தெரியும்: நகை அடகு, கைமாற்று, கந்துவட்டி.

இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அரசு பல விதிகளை மாற்றியிருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பு உயர்ந்தது, மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் வந்தது, 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பாலிசி விதிகளைத் திருத்தியது, 2025இல் ஜிஎஸ்டி போனது. பெரும்பாலானவை நமக்குச் சாதகமான மாற்றங்கள். ஆனால் மருத்துவமனை கவுண்டரில் யாரும் இவற்றைத் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. கேட்பவருக்குக் கிடைக்கிறது, கேட்காதவர் பணம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். எதை, எங்கே, எப்போது கேட்க வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கோணத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: உங்களுக்கு ஏற்கனவே எது இருக்கிறது என்று பாருங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, உங்கள் நிறுவனம் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கீழ் வந்தால், சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் போட்டுக் கட்டியிருப்பார்கள். அந்தப் பிடித்தம் இருந்தால் உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் இஎஸ்ஐ மருந்தகம், மருத்துவமனை இரண்டும் உரிமை. வெளிநோயாளி சிகிச்சையும் மாத்திரையும்கூட அதில் அடங்கும். தனியார் பாலிசிகளில் பெரும்பாலும் கிடைக்காத வசதி இது. பிடித்தம் ஆகிக்கொண்டே இருக்க, குடும்பத்தார் பெயரைச் சேர்க்காமலேயே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் அலுவலகத்தில் சொல்லி இந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.

சம்பளம் அதற்கு மேல் என்றால் அலுவலகக் குழுக் காப்பீடு இருக்கலாம். அதில் பெற்றோர் வருகிறார்களா, தொகை எவ்வளவு என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலையை விட்ட அன்று அந்தப் பாலிசியும் போய்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விலகும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். அப்படி மாறினால் குழுவில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலக் கணக்கில், அதாவது சில நோய்களுக்குப் பணம் தராமல் பாலிசி காக்கவைக்கும் காலத்தின் கணக்கில் சேரும்.

இவை இரண்டும் இல்லை, குடும்ப வருமானமும் குறைவு என்றால் அடுத்த படிதான் உங்களுக்கு முக்கியம்.

படி 2: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நலமாக இருக்கும்போதே வாங்குங்கள்

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது இரண்டும் இணைக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமான வரம்பு நெடுங்காலம் ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்தது. பின்னர் 1,20,000 ஆக உயர்த்தினார்கள். மாதம் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரம்பில் தள்ளுபடியாகி, அதோடு விட்டுவிட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

தேவையானவை மூன்று: ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. வருமானச் சான்றுக்கு விஏஓவைப் பார்க்க வேண்டும். பதிவு நடப்பது மாவட்ட கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில். அவ்வப்போது ஊர்களில் முகாம்களும் போடுவார்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வேலை எங்கே சிக்கும் தெரியுமா? பெயரில். ரேஷன் கார்டில் "மு. செல்வி", ஆதாரில் "செல்வி முருகன்", மகன் ஆதாரில் அப்பா பெயர் வேறு எழுத்தில். மருத்துவமனையில் அனுமதி கேட்டுக் கணினியில் ஏற்றும்போது இது கண்ணில் படும். அந்த நேரத்தில் ஒரு ஆள் நோயாளி பக்கத்தில் இருக்க வேண்டும், இன்னொருவர் இ-சேவை மையத்துக்கு ஓட வேண்டும். அதனால் இன்றைக்கே இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். புதிதாகப் பிறந்த குழந்தை, திருமணமாகி வந்த மருமகள் ஆகியோர் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பம் என்று திட்டம் கணக்கில் எடுப்பது கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். பிள்ளைகள் வேலைக்குப் போகும்வரை, அல்லது கல்யாணம் ஆகும்வரை, அல்லது 25 வயதுவரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை.

"அரசு ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம்தானே, அட்டை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அட்டை இருந்தால் உங்கள் சிகிச்சைக்கான தொகையைத் திட்டம் அந்த அரசு மருத்துவமனைக்கே செலுத்தும். விலை உயர்ந்த ஸ்டென்ட், செயற்கை மூட்டு, உபகரணம் போன்றவற்றுக்கு அந்த வரவு பெரிய உதவி. அரசு மருத்துவமனையில் டாக்டர் "காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று கேட்டால் தயங்காமல் எடுத்துக் கொடுங்கள். உங்கள் பைசா எதுவும் போகாது, அந்த மருத்துவமனை வளரும்.

படி 3: அட்டையை மருத்துவமனையில் பயன்படுத்தும் முறை

இந்த வரிசை முக்கியம். மாறினால் பணம் போகும்.

முதலில், போகும் மருத்துவமனை திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், உங்களுக்கு வேண்டிய சிகிச்சைக்கு அது அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு மருத்துவமனை கண் சிகிச்சைக்கு மட்டும் பட்டியலில் இருக்கலாம். அங்கே இதயத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அட்டை செல்லாது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கே ஒதுக்கப்பட்டவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் திட்டத்தில் உள்ளன. ஆனால் காய்ச்சலுக்கு ஊசி, சர்க்கரைக்கு மாதாந்திர மாத்திரை என்று வெளிநோயாளியாகப் பார்ப்பவை அதில் வராது.

அடுத்து, அட்வான்ஸ் கட்டும் கவுண்டருக்குப் போகும் முன் காப்பீட்டுத் திட்ட கவுண்டருக்குப் போங்கள். அங்குள்ள ஊழியர் அட்டையைச் சரிபார்த்து, பரிசோதனை முடிவுகளோடு முன் அனுமதிக்கு அனுப்புவார். அனுமதி வந்த பிறகு சிகிச்சை. இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். முதலில் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் யாரும் பணம் கட்டிவிடக் கூடாது. அவசரம் என்றால் தொலைபேசி வழியே அனுமதி வாங்கிச் சிகிச்சையைத் தொடங்க வழி உண்டு, காகிதங்கள் பிறகு. "அட்டையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இப்போ ஐம்பதாயிரம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலிருந்தே கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள்.

அனுமதி வந்த பிறகும் "மருந்துக்குத் தனியா", "இம்ப்ளான்ட் நல்லதா வேணும்னா கூடுதலா" என்று கேட்பது நடக்கிறது. திட்டத்தில் ஒரு சிகிச்சைக்கு வைத்திருப்பது தொகுப்புத் தொகை. மருந்து, பரிசோதனை, படுக்கை, உணவு எல்லாம் அதற்குள் அடக்கம். கூடுதலாகக் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் யார், எப்போது, எவ்வளவு கேட்டார் என்று குறித்து வையுங்கள். புகாரை மாவட்டத்தில் கலெக்டர் தலைமையிலான கண்காணிப்பு, குறைதீர்க் குழுவுக்கு எழுதலாம். மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் கொடுக்கலாம். வெள்ளைத் தாளில் அட்டை எண், மருத்துவமனை பெயர், தேதி, தொகை, ரசீது நகல், அவ்வளவு போதும். கண்ணீரும் கோபமும் நியாயமானவைதான், ஆனால் அதிகாரி தேடுவது தேதியையும் தொகையையும்.

சாலை விபத்துக்கு அட்டையே தேவையில்லை. 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்திலும் விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. விபத்துக்குள்ளானவரைத் தூக்கிச் செல்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் "யார் பணம் கட்டுவது?" என்ற கேள்வியில் நேரம் போகாது.

படி 4: வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் இருந்தால்

2024 அக்டோபர் 29 முதல், எழுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. ஆண்டுக்கு 5 லட்சம். வீட்டில் இரண்டு முதியவர்கள் இருந்தால் அந்த 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். குடும்பம் ஏற்கனவே ஆயுஷ்மான் பாரத்தில் இருந்தால், முதியவர்களுக்கென்று இது தனியாக, கூடுதலாக வருகிறது. வயதுக்கு ஆதாரம் ஆதார் மட்டுமே. அதனால் ஆதாரில் பிறந்த ஆண்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்த்தபோது போட்ட வயது பலருக்கு அப்படியே நிற்கிறது.

தனியார் பாலிசியோ இஎஸ்ஐயோ வைத்திருப்பவர்களும் இதை வாங்கலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ், முன்னாள் படைவீரர் திட்டம் போன்றவற்றில் இருப்பவர்கள் மட்டும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயல்பாடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. எனவே 14555 என்ற எண்ணில், உங்கள் ஊருக்கு அருகே எந்த மருத்துவமனை இந்த அட்டையை ஏற்கிறது என்று கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். அப்பா அம்மாவுக்குத் தனியார் பாலிசி ஓடிக்கொண்டிருந்தால், இந்த அட்டையை நம்பி அதை நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வயதில் நிறுத்திய பாலிசியைத் திரும்ப எடுப்பது கடினம்.

படி 5: தனியார் பாலிசி எடுக்கும்போது

வருமான வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பங்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கின்றன. அரசு அட்டையும் இல்லை, அலுவலகக் காப்பீடும் இல்லை. சிறிய கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், டியூஷன் எடுப்பவர் என்று எத்தனையோ பேர். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதுவரை 18 சதவீதம். 30,000 ரூபாய் பிரீமியத்துக்கு 5,400 ரூபாய் வரியாகவே போய்க்கொண்டிருந்தது. புதுப்பித்தல் நோட்டீஸ் வந்தால் ஜிஎஸ்டி என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடிப்படை பிரீமியம் போன ஆண்டைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நிறுவனம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

2024இல் மாறியவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கனவே உள்ள நோய்களுக்கு நிறுவனம் வைக்கக்கூடிய காத்திருப்புக் காலம் அதிகபட்சம் நான்கு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைந்தது. 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது என்றிருந்த நிலை போய், நிறுவனங்கள் எல்லா வயதினருக்கும் பாலிசி தர வேண்டும் என்றானது. வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தர 30 நாள். மனநோய்க்கான சிகிச்சையை உடல்நோய்க்கு நிகராகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது.

இனி பாலிசியைப் படிப்பது. அறுபது பக்கம் கொடுப்பார்கள். முன்பக்கத்தில் வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று இருக்க வேண்டும், அது விதி. அதை எடுத்து முதலில் தேட வேண்டியது ரூம் வாடகை வரம்பு. பிரீமியத்தை ஒப்பிடுவதற்கு முன்பே இதைப் பாருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

பாலிசி 5 லட்சம். ரூம் வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. மருத்துவமனையில் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். பில்லில் அறைக்கு 32,000. அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருத்துவர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, பரிசோதனை, இம்ப்ளான்ட் 60,000. மொத்தம் 2,12,000. அறைக்கு மட்டும் நாளுக்கு 3,000 வீதம் 12,000 கையிலிருந்து போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. எட்டில் ஐந்து பங்கு அறைக்குத்தான் நீங்கள் தகுதி என்பதால், டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணமும் எட்டில் ஐந்தாகக் குறைக்கப்படும். 1,20,000 ரூபாய் 75,000 ஆகிவிடும். அறைக்கு 20,000, மருந்து வகைக்கு முழுதாக 60,000. நிறுவனம் தருவது 1,55,000. உங்கள் கையிலிருந்து 57,000. வெறும் 3,000 ரூபாய் அறை வித்தியாசம் இவ்வளவு தூரம் இழுக்கும்.

மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை, ஐசியூ ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவைப் போடக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. பில்லில் அவற்றிலும் வெட்டியிருந்தால் கேட்டு வாங்குங்கள். முடிந்தவரை ரூம் வாடகை வரம்பே இல்லாத பாலிசியாக எடுங்கள். வரம்பு உள்ள பாலிசிதான் இருக்கிறது என்றால், அட்மிஷன் மேசையில் "என் வரம்புக்குள் உள்ள அறை கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த அறை காலி இல்லை என்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ரூம் வாடகைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியவை: ஒவ்வொரு கிளெய்மிலும், அதாவது காப்பீட்டுப் பணம் கேட்கும் ஒவ்வொரு தடவையும், நீங்கள் போட வேண்டிய பங்கு, கண்புரை, மூட்டு போன்றவற்றுக்குத் தனி வரம்பு, காத்திருப்புக் காலம், மருத்துவமனைக்கு முன்பும் பின்பும் எத்தனை நாள் செலவு கிடைக்கும் என்பது. எல்லா நிறுவனங்களும் விற்றாக வேண்டிய ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசி 2020இலிருந்து இருக்கிறது. அதில் 5 சதவீதம் நம் பங்கு, ரூம் வரம்பும் உண்டு. விதிகள் எங்கே வாங்கினாலும் ஒன்றே என்பதால் முதன்முறை எடுப்பவருக்கு ஒப்பிடுவது சுலபம்.

பெரிய தொகைக்குப் பாலிசி எடுக்கப் பிரீமியம் கட்டுப்படியாகவில்லையா? அடிப்படை 5 லட்சம், அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் என்று எடுக்கலாம். 'சூப்பர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 5 லட்சத்தைத் தாண்டினால் தரும் பாலிசி என்று வைப்போம். ஓர் ஆண்டில் முதல் தடவை 3 லட்சம், அடுத்த தடவை 4 லட்சம் செலவு. சாதாரண டாப்-அப் ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகப் பார்க்கும், இரண்டுமே 5 லட்சத்துக்குள், எனவே ஒன்றும் கிடைக்காது. சூப்பர் டாப்-அப் ஆண்டு மொத்தம் 7 லட்சத்தைப் பார்த்து 2 லட்சம் தரும்.

படி 6: விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

ஏஜென்ட் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் "சர்க்கரை இருக்கா? சும்மா 'இல்லை'ன்னு போட்டுடலாம் சார், டெஸ்ட் கேட்பாங்க" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த ஒரு 'இல்லை' நாலு ஆண்டு கழித்து மாரடைப்பு வரும்போது எழுந்து வரும். மருத்துவமனையில் சேர்ந்ததும் டியூட்டி டாக்டர் கேட்பார், "எத்தனை வருஷமா சுகர்?" வீட்டார் பதற்றத்தில் "எட்டு வருஷமா" என்பார்கள். அது கேஸ் ஷீட்டில் ஏறும். அந்தத் தாள் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். கிளெய்ம் நிராகரிக்கப்படும்.

ரத்த அழுத்தம், தைராய்டு, பழைய அறுவை சிகிச்சை, தினசரி மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், காத்திருப்புக் காலம் வரலாம். அது தெரிந்த செலவு. பாலிசி வந்ததும் இணைத்திருக்கும் விண்ணப்ப நகலில் நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள், தவறு இருந்தால் அந்த 30 நாளுக்குள் மின்னஞ்சலில் திருத்தச் சொல்லுங்கள். தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்து வந்த பாலிசியில், "அன்றைக்குச் சொல்லவில்லை" என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் முடியும். முன்பு இது எட்டு ஆண்டு. எனவே எத்தனை கஷ்டம் வந்தாலும் புதுப்பிக்கும் தேதியைத் தவற விடாதீர்கள். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு.

நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம், காத்திருந்த ஆண்டுகள் வீணாகாது. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். புது நிறுவனம் சரி என்று எழுத்தில் சொல்லும்வரை பழையதை விட வேண்டாம்.

படி 7: சேரும் நாளும் டிஸ்சார்ஜ் நாளும்

திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். 2024 ஜனவரியில் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான பொதுக் காப்பீட்டுக் குழுமம் அறிவித்த 'எங்கும் கேஷ்லெஸ்' (பணமில்லாச் சிகிச்சை) ஏற்பாட்டின்படி, பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் இப்படித் தெரிவித்துக் கேஷ்லெஸ் கேட்கலாம். மருத்துவமனை ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கு மருத்துவமனை இறுதி பில் அனுப்பிய மூன்று மணி நேரத்தில் அனுமதி தர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். இது ஆணையத்தின் 2024 மே 29 சுற்றறிக்கை.

நடைமுறை எப்படி இருக்கும் என்றால், காலை பத்து மணிக்கு டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்பார். மாலை ஆறு மணிக்கும் நீங்கள் பில்லிங் முன்னால் நிற்பீர்கள். மருத்துவமனை "டிபிஏவிலிருந்து வரல" என்னும் (டிபிஏ என்பது காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம் காகிதங்களைப் பார்க்கும் இடைநிறுவனம்). டிபிஏ "ஆஸ்பத்திரி இன்னும் பேப்பர் அனுப்பல" என்னும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இறுதி பில்லை எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்? அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டுங்கள்." அந்த நேரத்தைப் படம் எடுத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். யார் தாமதிக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். நோயாளி இறந்துபோன துயரத்தில் இருப்பவர்களை இப்படி நிறுத்திவைக்கவே கூடாது. உடலை உடனே ஒப்படைக்கும்படி கிளெய்மை முடிக்க வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது.

வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, இனவாரியான பில், பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றின் நகலையும் வாங்கிவிடுங்கள். கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் போன்றவை பெரும்பாலான பாலிசிகளில் கிடைக்காது. அதில் வாதாடி நேரம் போக்க வேண்டாம்.

இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்குக் காப்பீடு பெரும்பாலும் உதவாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 முதல் வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவமும்தான் சரியான வழி. முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ஆகியவற்றில் விலையும் குறைவு. மாதாமாதம் சேர்ந்து வரும் செலவு இதுதான் என்பதால், இதைக் குறைத்தாலே பிரீமியத்துக்கு வழி பிறக்கும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குப் பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரையும், மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டினால் 50,000 வரையும் கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது.

படி 8: மறுத்துவிட்டால்

கிளெய்மை மறுக்கும் அதிகாரம் டிபிஏவுக்கு இல்லை. நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் மறுக்கவும் கூடாது. எனவே போனில் "ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வந்த கடிதத்தில் உள்ள விதி எண்ணை எடுத்து உங்கள் பாலிசியில் அந்த வரியைப் படியுங்கள். பொருந்தாத விதியைச் சொல்லியிருந்தால் அங்கேயே உங்கள் வாதம் கிடைத்துவிடும். "மருத்துவமனையில் சேர்க்கத் தேவையே இல்லை" என்று சொல்லி மறுத்திருந்தால், ஏன் சேர்க்க நேர்ந்தது என்று சிகிச்சை தந்த டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பெரும்பாலும் எழுதித் தருவார்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கூடவே ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையப் புகார் தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னையில். நிறுவனம் மறுத்த ஓர் ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நீங்களே பேசலாம். மறுப்புக் கடிதம், பாலிசி, டிஸ்சார்ஜ் சம்மரி, பில், நீங்கள் எழுதிய புகார், இவை போதும். தேதி வாரியாக ஒரே பக்கத்தில் நடந்ததை எழுதி மேலே வையுங்கள்.

குறைதீர்ப்பாளர் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தால் நிறுவனம் 30 நாளில் பணத்தைத் தர வேண்டும். தராவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர்த்துத் தர வேண்டும். தீர்ப்பு பாதகமாக வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை உங்களுக்கு அப்படியே இருக்கிறது.